திரும்பி வருவதற்கென்றே ஒரு பிரயாணம்

எங்கள் பிரதேசத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்ற சங்கதி காதில் விழுந்த மாத்திரத்தில், கேட்டவர் மனத்தில் எழும் சித்திரங்கள் இரண்டுதான். குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய், பிள்ளைகளைத் தன் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, கல்வீடு ஒன்றின் அத்திவாரத்துக்காக வருஷக்கணக்கில் அந்நியர் வீட்டுச் சமையலறையில் நின்ற தாய்மாரின் சித்திரம் ஒன்று. யுத்த காலத்தில் காணியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, சுவிஸுக்கோ லண்டனுக்கோ கனடாவுக்கோ போய்ச் சேர்ந்து, பின்னர் கோயில் சடங்குக்கு மட்டும் வந்து முகங்காட்டிப் போகிற ஆண்பிள்ளைகளின் சித்திரம் மற்றொன்று. முன்னதை வறுமை நடத்தியது. பின்னதைப் பயம் நடத்தியது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகைப் பிரயாணம் ஒன்று உண்டென்பதையும், அதற்குப் புறப்படும் தேதியோடு கூடவே திரும்பும் தேதியும் நிச்சயிக்கப்பட்டு விடுகிறதென்பதையும், கரடியனாற்றிலுள்ள என் சுற்றத்தாருக்கு விளங்கவைக்கும் கைங்கரியத்தில் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். இன்னும் முழுதாக வெற்றி கிட்டவில்லை. ஆயினும் அதனால் நான் அறிந்துகொண்டவை பல.

பிரயாணம் போகவிருப்பவள் என் தங்கையின் மகள். பெயரை எழுதக்கூடாதென்பது அவளுடைய கட்டளை. ஆகவே மருமகள் என்றே எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பதினாறு வயதுப் பிள்ளை. மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றில் தெரிவாகி, அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பால்மாடு வளர்க்கும் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவ்வூர்ப் பாடசாலையில் ஒரு கல்வியாண்டைக் கழிக்க வேண்டியவள்.

கரடியனாறு எங்கே இருக்கிறதென்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் படுவான்கரை நிலத்தில், செங்கலடிச் சந்தியில் கடற்கரைப் பெருவீதியை விட்டுப் பதுளை வீதியில் திரும்பி, கறுத்தப்பாலத்தைத் தாண்டி, இலுப்படிச்சேனையையும் கடந்து போனால் எங்கள் ஊர் வரும். வீதியை இன்னும் தொடர்ந்தால் உறுகாமக் குளத்தின் பக்கமாகப் பெரிய புல்லுமலை, அப்பால் மகா ஓயா, அதற்கும் அப்பால் மலைநாடு. வயலும் சேனையும் மாட்டுப்பட்டியும்தான் சீவனோபாயம். இரவில் யானை வருவது விசேஷச் செய்தியன்று. 2007ஆம் ஆண்டு வரை கறுத்தப்பாலத்துக்கு இப்புறம் ஓர் ஆட்சியும் அப்புறம் வேறோர் ஆட்சியுமாக இருந்த காலத்தில், பாலத்தைக் கடந்து செங்கலடிக்குப் போய் ஒரு பை சீமெந்து வாங்கி வருவதே எங்களுக்கு ஒரு வெளிநாட்டுப் பிரயாணமாக இருந்தது. அது ஓய்ந்து, இடம்பெயர்ந்தவர்கள் கூரை மேய்ந்துகொண்டிருந்த நாட்களில், பதுளை வீதியைப் புதுப்பிக்கச் சீனக் கம்பனி ஒன்று வந்தது. பாறை உடைப்பதற்கான டைனமைட் நிரம்பிய கொன்டெய்னர்கள் எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலைய வளவுக்குள் வைக்கப்பட்டிருந்தன. 2010 செப்டெம்பர் 17ஆந் தேதி அவை வெடித்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் இருவர் சீனர். மருமகள் அப்போது தவழ்கிற குழந்தை. இன்று நாங்கள் சிரமமின்றி ஓடித்திரியும் கார்ப்பெற் வீதியில் அந்தப் பெரும் விலையும் சேர்ந்திருக்கிறதென்பதை அவள் வயதுப் பிள்ளைகள் அநேகமாக அறியார்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஒரு வருஷம் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்துவிட்டு வரப்போகிறாள் என்று நான் சொன்னபோது, என் தாயார், அதாவது அவளுடைய அம்மம்மா, வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்:

“போன புள்ளைகள் எல்லாரும் வருவம் எண்டுதானே மனே போனவங்க? எவன் வந்தவன்?”

இதற்கு விடை சொல்வது அவ்வளவு எளிதன்று. எங்கள் மட்டக்களப்பு வழக்கில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் மகளுக்குப் போகின்றன. கலியாணமானபின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். ஆகையால் ஆண்பிள்ளை ஊரைவிட்டுப் போவதில் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சியில்லை. எப்படியும் ஒருநாள் வேறொரு வாசலுக்குப் போகவேண்டியவன் அவன். பெண்பிள்ளையோ மனையின் சொந்தக்காரி. குவைத்துக்குப் போன தாய்மார்கூட மகளுக்குக் கல்வீடு கட்டவேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில்தான் போனார்கள். என் தங்கையும் அப்படிப் போய் வந்தவள்தான். அம்மம்மா இப்போது உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் திண்ணை அந்தப் பணத்தில் எழுந்தது. யாருக்காக அந்த வீடு கட்டப்பட்டதோ அவளே அதைப் பூட்டிவிட்டுப் போகிறாள் என்றால், ஒரு வருஷத்துக்கு மாத்திரமே என்று சொன்னாலும், கிழவிக்கு அது நியாயமாகப் படவில்லை.

இந்தப் பரிமாற்ற ஏற்பாட்டின் பூர்வோத்தரம் எனக்குப் பிடித்தமானது. அதை அம்மம்மாவுக்கும் சொல்லிப் பார்த்தேன். முதலாம் உலக மகாயுத்தத்தின்போது, 1915இல், பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் காயப்பட்டோரை ஏற்றிச் செல்ல அமெரிக்க இளைஞர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து நடத்திய அம்புலன்ஸ் அணி ஒன்று, அமெரிக்கன் ஃபீல்ட் சேர்விஸ் என்ற பெயரில் இயங்கிற்று. இரண்டாம் யுத்தத்திலும் அதே பணியைச் செய்து முடித்த அவர்கள், இனிக் காயப்பட்டவரை ஏற்றுவதைக் காட்டிலும், ஒரு நாட்டுப் பிள்ளை மற்றொரு நாட்டு வீட்டில் பிள்ளையாக இருந்து பழகினால் பின்னொரு காலத்தில் ஏற்றவேண்டியவர் தொகையாவது குறையுமென்று கருதியவர்கள் போல, ஸ்டீபன் கலாட்டி என்பவரின் முயற்சியால், 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவரை அமெரிக்காவுக்கு வரவழைத்தனர். அதற்கு முந்திய வருஷந்தான் கல்விப் பரிமாற்றத்துக்கான அமெரிக்காவின் ஃபுல்பிரைட் சட்டம் நிறைவேறிற்று. 1952இல் அத்திட்டம் இலங்கைக்கும் வந்தது. ரொட்டரிக் கழகங்களும் வேறு பல ஸ்தாபனங்களும் பதின்ம வயதினரை மாற்றிக்கொள்ளும் இவ்வேலையைச் செய்துவருகின்றன. யுத்தம் கண்டு சலித்தவர்கள் தொடக்கிய காரியம் என்பதனால், யுத்தம் கண்டு சலித்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை அதில் சேர்வது பொருத்தமே என்பது என் அபிப்பிராயம். அம்மம்மா இதைக் கேட்டுவிட்டு, “அப்ப அவங்கட புள்ளயொண்டு இஞ்ச வருமா?” என்றார். பரிமாற்றம் என்றால் கைமாற்றாகத்தானே இருக்கவேண்டும்! நியாயமான கேள்வி, எனக்குத்தான் வாயடைத்துப்போயிற்று.

ஆனால் யோசித்துப் பார்த்தால், கடல் கடந்த நாட்டவரின் பிள்ளைகள் வெகுகாலத்துக்கு முன்பே இங்கு வந்திருக்கிறார்கள். 1813இன் இறுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். கூட்டத்துக்குத் தலைவராக வந்த தோமஸ் கோக் நடுக்கடலில் மரித்தார். ஓல்டின் மனைவியும் கப்பலிலேயே மரித்தார். 1814இல் தனியாக மட்டக்களப்பில் வந்திறங்கி, இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி என்று வழங்கும் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, வந்த வருஷம் நிறையுமுன்பே, 1815 ஏப்ரிலில், அவரும் இம்மண்ணிலேயே கண்மூடினார். அவருக்குப் பிந்திய காலத்தில், அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்த யேசுசபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியர்களாயினர். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லூசியானா மாநிலத்தவரான ஹேபியர் அடிகளார் 1948இல், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞராக வந்து, இங்குள்ள பையன்களுக்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்து, நாற்பது வருஷத்துக்கு மேலாக இம்மாகாணத்தவராகவே வாழ்ந்தார். 1990 ஆகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து தமது ஸ்கூட்டரில் ஒரு தமிழ் இளைஞனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். செங்கலடிச் சந்தி அவ்வழியில்தான் இருக்கிறது. இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்களுக்கு என்ன நேர்ந்ததென்று எவரும் பொறுப்போடு சொன்னதில்லை.

மருமகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமா என்று தயங்கினேன். முடிவில் சொல்லியே விட்டேன். அவள் சந்திக்கப்போகும் அமெரிக்கர் எவருக்கும் மட்டக்களப்பு என்ற பெயரே தெரியாதிருக்கலாம். ஆனால் அந்நாட்டுத் தாய் ஒருத்தி பெற்ற பிள்ளை எங்கள் வீதியில் காணாமற்போனான் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளை அறிந்துபோவது, ஒருவகைக் கடன் என்றே எனக்குத் தோன்றிற்று.

போய்த் திரும்பியவர்களும் எங்களிடம் இல்லாமலில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டு, அதன்பின் ஊருக்குத் திரும்பி, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிலைநிறுத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார், திரும்பினார். இமயமலைச் சாரலுக்குப் போனார், திரும்பினார். 1947இல் யாழ்நூலை வெளியிட்ட கையோடு காலமாகி, சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி கொண்டார். அம்மம்மாவின் “எவன் வந்தவன்?” என்ற கேள்விக்கு நான் கண்ட மிகச் சிறந்த விடை இதுதான். “அவர் சாமியெல்லோ!” என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிட்டார்.

இனி ஆயத்தங்களுக்கு வருவோம். கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லைக்குப் போனதும், பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்ததும் எல்லோரும் அறிந்த அலைச்சல், அவற்றை விட்டுவிடுகிறேன். அலுவலகமொன்றில், வெளிநாடு என்ற சொல்லைக் கேட்டதுமே குடும்பப் பின்னணி அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை விட்டுத் தாய் பணிப்பெண் வேலைக்குப் போகக்கூடாதென்று 2013இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆனால் அந்த உத்தியோகத்தரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவருடைய மேசையைக் கடந்துபோன பெண்கள் எல்லோரும் அந்த ஒரு காரணத்துக்காகவே போயிருக்கும்போது, இவள் வேறு எதற்காகப் போவாள் என்று அவர் எண்ணுவார்?

தடுப்பூசி விபரம் கேட்டு வந்த படிவம் எங்களை ஒரு வாரம் ஆட்டிவைத்தது. அமெரிக்கப் பாடசாலைகள் இவ்விஷயத்தில் வெகு கண்டிப்பு. பிறந்தது முதல் போட்ட ஊசிகளெல்லாம் கிளினிக் கொப்பியில் மிட்வைஃப் மிஸ்ஸின் கையெழுத்தில் ஒழுங்காக இருந்தன. இந்த நாட்டின் பொதுச்சுகாதாரத்தைப் பற்றி நாம் பெருமைப்படலாம். கொப்பளிப்பானுக்கு மட்டும் அரசாங்க ஊசி இங்கே கிடையாது. தனியாரிடந்தான் போடவேண்டும், அல்லது நோய் ஏற்கெனவே வந்து போயிற்றென்று தேதியோடு வைத்தியர் சான்று தரவேண்டும். தேதிக்கு எங்கே போவது? “அம்மாள் வந்தது மாரி வெள்ளாமை வெட்டிற நேரம், மூத்தவனுக்கு வந்து மறுகா இவளுக்கு வந்த” என்றாள் தங்கை. வேப்பிலையில் படுக்கவைத்து, குளிர்ந்த பண்டங்கள் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் வார்த்த பின் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைத்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. மாதமும் தேதியும் மட்டுமே இல்லை. கடைசியில், தமையனின் பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டில் அவன் வராத நாட்களைப் பார்த்து, அதிலிருந்து கணக்கிட்டு, மாதத்தைத் துலக்கிக்கொண்டோம். இன்னொன்றும் உண்டு: பிறந்தவுடன் எங்கள் பிள்ளைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியின் காரணமாக, அங்கே கயரோகத்துக்குத் தோலில் செய்யும் சோதனை சில வேளைகளில் நோயிருப்பது போலக் காட்டிவிடும். அது கண்டு கலங்காமலிருக்க மார்பு எக்ஸ்றே படத்தையும் வைத்தியரின் கடிதத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது. போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

விதிகளைப் படித்துப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் உண்டாயிற்று. அமெரிக்காவின் ஜே-1 விசாவில் உயர்பாடசாலைப் பரிமாற்றத்துக்குப் போகும் பிள்ளை பதினைந்து வயதுக்கும் பதினெட்டரை வயதுக்கும் இடைப்பட்டிருக்கவேண்டும். புறப்படுமுன்பே தங்கப்போகும் வீடும் சேரப்போகும் பாடசாலையும் நிச்சயமாகியிருக்கவேண்டும். அவ்வீட்டிலுள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவர் மீதும் குற்றப்பதிவு உண்டா என்று விசாரித்திருக்கவேண்டும். மாதந்தோறும் ஒரு பிரதிநிதி பிள்ளையோடு பேசவேண்டும். பிள்ளையை ஏற்கும் குடும்பத்துக்கு ஒரு சதமும் சம்பளமில்லை. இந்தக் கடைசி விஷயந்தான் எங்கள் ஊராரின் மனத்தைத் திருப்பியது. காசு வாங்காமல் ஒரு வருஷம் அந்நியப் பிள்ளைக்குச் சோறு போடுகிற மனிதர் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பது, சினிமாவிலும் செய்தியிலும் அந்த நாட்டைக் கண்டவர்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆங்கிலத்துக்கு எல்டிஸ் என்று ஒரு பரீட்சை. கேட்டலும் வாசித்தலும் மட்டுமே. பேச்சுக்கு அதில் இடமில்லை. வாயைத் திறப்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சங்கடம் என்பதை அந்தப் பரீட்சையை ஆக்கியோர் அறியார் போலும். இலக்கணத்தில் எண்பதுக்கு மேல் எடுக்கிற பிள்ளை, ஒரு வெள்ளைக்காரர் முன்னால் நின்றால் தன் பெயரையே மறந்துவிடுகிறது. நானும் மருமகளும் மாலை வேளைகளில் உறுகாமக் குளக்கட்டில் நடந்தபடி ஆங்கிலத்தில் பேசிப் பழகினோம். மாடு சாய்த்துக்கொண்டு வருவோர் எங்களைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு “குட் ஈவினிங் சேர்” என்று தாமே ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் அதிக நாட்களை விழுங்கியது ஒரு கடிதம். ஏற்கப்போகும் குடும்பத்துக்குப் பிள்ளை தன் கையால் எழுதவேண்டிய அறிமுகக் கடிதம் அது. அதைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் இவளை வேண்டுமென்று சொல்லும். முதற்படியை எனக்குக் காட்டினாள். சங்கீதம் பிடிக்கும், வாசிப்புப் பிடிக்கும், புதிய கலாசாரங்களை அறிய ஆவல், வாழ்க்கையில் வைத்தியராகி மனித குலத்துக்குச் சேவை செய்ய உத்தேசம். பிழையே இல்லாத ஆங்கிலம். ஆளே இல்லாத கடிதம். எந்த ஊரில் எந்தப் பிள்ளை எழுதினாலும் இப்படியேதான் இருக்கும். நீ நேற்று விடிந்ததிலிருந்து இரவுவரை என்ன செய்தாய், அதை எழுது என்றேன். “அதில என்ன மாமா இரிக்கு?” என்று கேட்டாள். விடியுமுன்பு முற்றம் கூட்டியது. அம்மம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்தது. பஸ் வராததால் பள்ளிக்கூடத்துக்குப் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு போனது. வரும் வழியில் யானை வேலிக்குப் பக்கத்தில் புதுச் சாணி கண்டு, வாடியில் தங்கும் தகப்பனுக்குத் தொலைபேசியில் அறிவித்தது. சட்டித் தயிருக்கு உறை குத்தியது. மின்சாரம் போனதால் கைபேசி வெளிச்சத்தில் விஞ்ஞானப் பாடம் படித்தது. இவற்றை அவள் வெட்கத்தோடு எழுதினாள். கடிதம் போன சில வாரங்களில் அந்தப் பால்பண்ணைக் குடும்பத்திடமிருந்து சம்மதம் வந்தது. கடிதத்தால்தான் வந்ததென்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அவர்கள் முதன்முதலாகக் கேட்டது தயிரைப் பற்றியும் யானையைப் பற்றியுமே.

பிள்ளை இவ்வளவு வயதாகியும் தனி அறையில் படுத்ததில்லை. அம்மம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் பாய் விரித்து, அவரது பழஞ்சேலையைப் போர்த்து உறங்கியே வளர்ந்தவள். அங்கே அவளுக்கென்று ஓர் அறை, கதவு, கட்டில் எல்லாம் உண்டென்று எழுதியிருந்தார்கள். அதை ஒரு சௌகரியமாகத்தான் அவர்கள் எழுதினார்கள். இங்கே அது பெருங்கவலையாயிற்று. தங்கை உள்ளறையிலிருந்த நெல் மூட்டைகளை வெளியே எடுத்துக் கட்டிலைப் போட்டு, “பழகு” என்றாள். நடுச்சாமத்தில் பிள்ளை எழுந்து பாய்க்கு வந்துவிடுவாள். சில நாட்களில் அம்மம்மாவே போய் அழைத்து வந்துவிடுவார். ஆங்கிலத்தைவிட இந்தப் பாடத்துக்கு அதிக நாள் பிடித்தது. இப்போது தனியாகத்தான் படுக்கிறாள். தூக்கம் வராதவர் அம்மம்மா.

அங்கே போய் நிற்கும்போது யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்களே, என்ன சொல்ல என்று ஒருநாள் கேட்டாள். கிழக்கில் துப்பாக்கி ஓய்ந்தபின் பிறந்த பிள்ளை. யுத்தம் என்றால் அவளுக்குச் சுவரில் மாட்டிய ஒரு படம், அவளுடைய பெரியப்பா. இணையத்தில் இலங்கை என்று தேடினால் முதலில் வருவது அந்தத் துயரந்தான் என்பதால், வகுப்பில் யாராவது கேட்கவே செய்வார்கள். நான் சொன்னது இது: வீட்டில் அறிந்ததை மட்டும் சொல், அறியாததை அறிந்தது போலச் சொல்லாதே; சொல்ல மனமில்லாத நாளில் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாகப் போன வீட்டில் நம்முடைய துக்கத்தை விரித்துக் காட்டினால்தான் மதிப்பு என்று நினைப்பது தவறு. வெள்ளாமை, வடமோடிக் கூத்து, மாமாங்கத் திருவிழா என்று சொல்வதற்கு ஏராளமுண்டு. அவளுடைய தகப்பன் இதில் என்னோடு உடன்படவில்லை. நடந்ததைச் சொல்லாமல் விடுவது நடக்கவில்லை என்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் உரத்துப் பேசினோம். முடிவை மருமகளிடமே விட்டுவிட்டோம்.

தகப்பனுக்கு இன்னொரு கவலையும் உண்டு: உயர்தரம் ஒரு வருஷம் பிந்தும். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். அங்கே படிக்கும் படிப்பு இங்கே எந்தப் பரீட்சைக்கும் கணக்கில்லை. இது மெய்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் பஸ் ஏறினால் எட்டுகிற தூரத்தில் இருக்க, ஒரு வருஷத்தைக் கடலுக்கப்பால் செலவிடுவது கணக்குப் பார்க்கிறவருக்கு நட்டமே. நான் கணக்கில் அவரை வெல்ல முயலவில்லை. யுத்தத்தில் இரண்டு வருஷம் பாடசாலையே போகாமல் இருந்தவர் அவர். அவருக்கு இழந்த வருஷத்தின் விலை தெரியும், அதனால்தான் பயப்படுகிறார். மகள்தான் அவரைச் சம்மதிக்கவைத்தாள். எப்படி என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

விசாவுக்காகக் கொழும்பு காலி வீதித் தூதரகத்தில் நிற்கும்போது அதிகாரி முக்கியமாக அறிய விரும்புவது ஒன்றையே: நீ திரும்பி வருவாயா? தன் நாட்டிலுள்ள இல்லத்தைக் கைவிடும் எண்ணமில்லையென்று காட்டுவது அந்த விசாவின் நிபந்தனை. அமெரிக்க அரசின் பணத்திலே போகிறவர்களோ, திரும்பி வந்து இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்த பின்னரே குடியேற்ற விசாவைக் கேட்கலாம் என்று நியமமே இருக்கிறது. அம்மம்மா கேட்ட கேள்வியையே அமெரிக்க அரசாங்கமும் கேட்கிறதென்று அவரிடம் சொன்னேன். முதன்முறையாக அந்த அரசாங்கத்தின்மேல் அவருக்கு ஒரு மரியாதை பிறந்தது. மருமகள் அதிகாரியிடம் என்ன சொன்னாள் தெரியுமா? வீடு என் பேரில் எழுதப்படப் போகிறது, அதனால் வரவேண்டும் என்றாளாம். அவர் சிரித்துவிட்டுக் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

பெட்டி கட்டும் வேளையில் சச்சரவு அரிசியால் வந்தது. சொந்த வயலின் அரிசியில் ஒரு கொத்தாவது கொண்டுபோய் முதல் நாள் அந்த வீட்டில் சமைத்துக் கொடுக்கவேண்டுமென்பது அம்மம்மாவின் பிடிவாதம். கப்ரா என்னும் களஞ்சிய வண்டு உள்ள நாடுகளிலிருந்து பிரயாணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. “நம்மட அரிசியில வண்டா?” என்று அவர் அடைந்த கோபத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றும் சாரன் ஒன்றும் அரிசியின் இடத்தைப் பிடித்தன. தொலைபேசி விஷயத்திலும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: நமக்கு ஞாயிறு காலை ஆறு மணி, அங்கே கோடையில் சனி இரவு ஏழரை, வாரத்தில் அந்த ஒரு வேளைதான். நாள்தோறும் பேசினால் பிள்ளை அங்கே இருக்கமாட்டாள், உடம்பு மட்டுமே அங்கிருக்கும் என்று திட்டத்தார் சொன்னதை நான் ஆதரித்தேன். தங்கை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சென்ற வாரம் விஸ்கொன்சினிலிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் எருமை நாளைக்கு எவ்வளவு பால் தரும், என்ன தீனி போடுகிறீர்கள் என்று அந்தக் குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். தயிருக்கு உறை குத்தத் தெரிந்த மருமகளுக்கு இது தெரியவில்லை. பட்டிக்காரர் ஒருவரிடம் போனோம். தீனியா, காட்டில் மேய்கிற மாட்டுக்கு யார் தீனி போடுவது என்று சிரித்தார். மாரியில் வயல்கள் விதைப்பாகும்போது மாடுகளை மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவதே எங்கள் பிரதேசத்தின் நெடுங்கால வழக்கம். அந்த மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர்செய்யத் தொடங்கியதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் ஆரம்பித்ததையும், அங்கே வெடிவைத்துக் கொல்லப்பட்ட மாடுகளையும் அவர் அவளுக்கு விபரமாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு அவர் கேட்டார்:

“பனி கொட்டுற காலத்தில அவங்க மாட்டை எங்கால சாய்க்கிறவங்களாம்? கேட்டுச் சொல்லு புள்ள.”

பதில் இரண்டு நாளில் வந்தது. எங்கும் சாய்ப்பதில்லை, பெப்ரவரியில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கிவிடும், மாடுகள் கொட்டிலுக்குள்ளேயே நிற்கும், சோளப் பயிரைக் காயோடும் தண்டோடும் பச்சையாகவே வெட்டி நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிப் புளிக்கவைத்து, அதைப் பனிக்காலம் முழுவதும் போடுவார்களாம். பட்டிக்காரருக்கு இதை வாசித்துக் காட்டியபோது, சேனையில் சோளன் முறித்தபின் தண்டை நெருப்பு வைத்துக் கொளுத்துகிற அந்த மனிதர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூடுவதற்கு என்ன தாள், எத்தனை நாள் கிடக்கவேண்டும், எருமை அதைத் தின்னுமா, மழைத்தண்ணீர் புகுந்தால் பழுதாகிவிடுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, எல்லாவற்றையும் அங்கே நின்று பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு, அடுத்த மாரி விதைப்புக்கு முன் வந்துவிட வேண்டுமென்று அவளிடம் உறுதி வாங்கினார். அதற்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே வந்துவிடுவேன் என்று அவள் சொன்னாள். “ஜூன் நல்லம்” என்றார் அவர்.